ஆட்சேபனை இல்லை என்றொரு கடிதம்

மார்ச் 4

டீச்சரம்மாவுக்கு,

நலம். ஒன்பது வருஷம் கழித்து இவன் எதற்கு எழுதுகிறான் என்று கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்ப்பாய். காரியமாகத்தான்.

வங்கி வாசலில் துப்பாக்கிக் காவலன் வேலை வந்திருக்கிறது, நிரந்தரம். துப்பாக்கி நானே வாங்க வேண்டும். உரிம அலுவலகத்தில் கணினியைப் பார்த்துவிட்டு, "என்ன சார், பொண்டாட்டிய அடிச்ச கேஸா?" என்றார் அலுவலர், வரிசைக்கே கேட்கும்படி. ஆறு மாதம் உள்ளே இருந்தாயிற்றே, இன்னுமா என்றேன். பாதிக்கப்பட்டவர் ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தந்தால் மேலே பரிசீலிப்பார்களாம். ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

நாம் முதலில் குடியிருந்த அச்சகத்து மாடி அறை ஞாபகம் இருக்கிறதா? கீழே இயந்திரம் ஓடினால் டம்ளர் நகர்ந்து நகர்ந்து அலமாரி விளிம்புக்கு வரும். நீ புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டிப் பிடிப்பாய்.

காவல்காரன்

மார்ச் 15

காவல்காரருக்கு,

நலமே. சட்டக் கல்லூரியில் இருக்கும் தோழியிடம் கேட்டேன். பழைய தண்டனையைப் பெரும்பாலான வேலைகளுக்குச் சில வருஷங்களில் மறந்துவிடுவார்களாம். துப்பாக்கிக்கு மட்டும் மறப்பதில்லை. "திருடனுக்குக்கூட பத்து வருஷத்துல கிடைச்சுடும்டி. வீட்டுக்குள்ள அடிச்சவனுக்கு ஆயுசுக்கும் கிடையாது" என்றாள். நீங்கள் சொன்ன அந்த ஒரு வழிதான் உண்டு.

அச்சகம் ஞாபகம் இருக்கிறது. ஆறு மணிக்கு இயந்திரம் நின்றதும் இருவரும் திடுக்கிட்டு நிமிர்வோம். பொருட்காட்சியில் பலூன் சுட்டதும் ஞாபகம். நான் ஏழு, நீங்கள் இரண்டு. "எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது" என்று வழியெல்லாம் பீற்றிக்கொண்டு வந்தீர்கள்.

எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன்.

டீச்சர்

மார்ச் 22

டீச்சரம்மாவுக்கு,

யோசிக்கிறேன் என்றதே பெரிது. உனக்குச் சிரமம் வேண்டாமென்று கடிதத்தை நானே தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டால் போதும். அந்தக் காலத்தில் என் விண்ணப்பங்களை எல்லாம் நீ எழுதுவாய், நான் கையெழுத்துப் போடுவேன். இப்போது தலைகீழ்!

பலூன் நான் மூன்று. ஒன்று தானாகக் காற்றிறங்கியது என்று அன்றைக்கே சாதித்தாய்.

காவல்காரன்

மார்ச் 28

காவல்காரருக்கு,

'சிறு வாக்குவாதத்தில் கை தவறிப் பட்டுவிட்டது' என்று அடித்திருக்கிறீர்கள். கை தவறவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு வந்தீர்கள். மூன்று முறை. இடது காது இப்போதும் கேட்காது. வகுப்பில் பிள்ளைகளை வலப்பக்கம் வந்து பேசச் சொல்கிறேன். காரணம் சொன்னதில்லை.

உங்களிடம் எனக்கு இன்று பயமில்லை. துப்பாக்கியோடு நினைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஆனால் நீங்கள் வேலையில்லாமல் நிற்பதும் பிடிக்கவில்லை.

அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் நடந்ததை உங்கள் கையால் எழுதுங்கள். என்னைத் தூக்கிப் போக வண்டி பிடிக்க ஓடினீர்களே, அதையும் விடாமல் எழுதுங்கள். நீதிமன்றத்தில் நான் சொன்னதுதான். கீழே என் கையெழுத்து இருக்கிறது. எனக்குக் காட்ட வேண்டாம், நேரே கொடுத்துவிடுங்கள்.

டீச்சர்

ஏப்ரல் 12

டீச்சரம்மாவுக்கு,

ஐந்து வரிக்கு நான்கு நாள் ஆயிற்று. தாழ்ப்பாள், மூன்று முறை, காது, எல்லாம் எழுதினேன். வண்டி பிடிக்க ஓடினேன் என்று எழுத வரும்போது பேனா நகரவில்லை. நான் வண்டி பிடிக்க ஓடவில்லை. கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்டுவிட்டதா என்று பார்க்கத்தான் இறங்கினேன். அங்கே வெளியே நின்றவர்தான் வண்டியைக் கூப்பிட்டார். அதையும் எழுதிவிட்டேன்.

அலுவலர் படித்துவிட்டு, "இத ஃபைல்ல வெச்சா கிடைக்காது சார். மாத்தி எழுதிட்டு நாளைக்கு வாங்களேன்" என்றார். நல்ல மனுஷர்தான். "இருக்கட்டும் சார், வைங்க" என்றேன்.

கிடைக்கவில்லை. இப்போது வாகன நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிறேன். உட்கார நாற்காலி தந்திருக்கிறார்கள்.

காவல்காரன்

ஏப்ரல் 20

காவல்காரருக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

உங்கள் தண்டனையைக் குறைப்பதற்காகத்தான், வண்டி பிடிக்க ஓடினார் என்று நீதிமன்றத்தில் சொன்னேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. நீங்கள் படியிறங்கி ஓடிய சத்தத்தைத் தரையில் கிடந்தபடி கேட்டேன், எனக்காக ஓடுகிறார் என்றே நம்பினேன். நம் பதினாறு வருஷத்தில் எதையாவது நல்லபடியாக நினைக்க முடிந்தது என்றால், அச்சகத்து அறையையும் சேர்த்து, அந்த ஓட்டத்தை நம்பித்தான்.

உண்மையை எழுதியதற்கு நன்றி. இனி எழுத வேண்டாம்.

டீச்சர்