செயினில் இரண்டு கண்ணி அதிகம்

3-11-1986
மழை. பஞ்சர் இரண்டு, பிரேக் கட்டை ஒன்று. தீபாவளி முடிந்த கையோடு சைக்கிள் கடைக்கு யார் வரப்போகிறார்கள் என்று சோம்பி உட்கார்ந்திருந்தேன். செத்துப்போன நல்லதம்பியின் தம்பி செல்லக்கண்ணு அந்தச் சிங்கப்பூர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினான். தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள். பெடல் பக்கம் மூன்று பல்சக்கரம் இருந்தது. இப்போது ஒன்றுதான். மற்ற இரண்டையும் கழற்றியவன் நான்.

"சரி பண்ணிக் குடுங்க கொளஞ்சிண்ணே. அண்ணன் சேர இருந்த வேலைக்கு நான் போறேன். இங்க திருமானூர் வந்து பஸ் புடிக்க இதுதான் இருக்கு" என்றான்.

செயின் கழன்று தொங்கியது. அது ஏன் கழன்றது என்று அவன் யோசிக்கவில்லை.

4-11-1986
எழுதிவிட வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

போன மாதம் அந்த வண்டியின் கியர் கம்பி அறுந்துவிட்டது, திருச்சியில்கூடக் கிடைக்கவில்லை. "நம்மூருக்கு எதுக்குண்ணே மூணு? ஒண்ணு போதும்" என்றான் நல்லதம்பி. பெரியதையும் சின்னதையும் கழற்றி, நடுச்சக்கரத்தை மட்டும் விட்டேன். அப்படிச் செய்தால் செயின் தொளதொளக்கும். இரண்டு கண்ணி எடுக்க வேண்டும். அன்று ஆயுத பூஜை. சுத்தியல், செயின் ஆணி தட்டும் கம்பி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டியாகிவிட்டது. மறுநாள் காலை வரை தொடக்கூடாது.

அப்போதுதான் வந்து நின்றான். விஜயதசமியன்று அரியலூர் கம்பிக் கடையில் வேலைக்குச் சேர வேண்டுமாம், வண்டி இப்போதே வேண்டுமாம். கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை பாக்கி. சாமிக்குப் பயந்தேன், அவன் உயிருக்குப் பயப்படவில்லை.

தன் ஊர் திருமழபாடிக்குத் திரும்புகிற வழியில், கரையேற்றத்தில் எழுந்து நின்று மிதித்திருக்கிறான். செயின் கழன்று, கால் வெறுமனே போய், தலை மதகுக் கல்லில். சேறு வழுக்கிவிட்டது என்று ஊர் சொன்னது. நானும் தலையாட்டினேன்.

"ஏத்தத்துல எந்திரிச்சு மிதிக்காத தம்பி" — இதை அவனிடம் சொன்னேனா? இல்லை, மனதில் நினைத்ததோடு சரியா?

5-11-1986
வண்டியைத் தொடவில்லை. பஸ் போகும் அதிர்வில் அந்தச் செயின் தானாகக் கிணுகிணுக்கிறது.

7-11-1986
செல்லக்கண்ணு வந்தான். நல்லதம்பியின் மனைவி சிந்தாமணி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அன்னிக்கு அண்ணன் கெளம்புறப்ப, குடை எடுத்துக்கிட்டுப் போங்கன்னு பின்னாலேருந்து கூப்புட்டுட்டாங்களாம். அதான் ஆளையே கொண்டுபோயிடுச்சுன்னு அம்மா சொல்லுது. அவங்க கையால தண்ணிகூட வாங்குறதில்ல. அண்ணியும் ஆமா, நான்தான்னு அழுவுறாங்க."

ஐயோ, அந்தப் பொம்பளை என்ன பண்ணுச்சு? மழை வருதேன்னு சொன்னது ஒரு குத்தமா? நான்ல இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்!

9-11-1986
இரண்டு கண்ணியையும் எடுத்தேன். கழற்றிப் போட்டிருந்த பெரிய சக்கரத்தின் பற்களை அரத்தால் ராவி மொட்டையாக்கி, வெளிப்பக்கம் வேலி மாதிரி பூட்டினேன். உள்பக்கம் ஒரு தகடு. இனி செயின் எந்தப் பக்கமும் இறங்காது. அன்றைக்கே இதைச் செய்யத் தெரியாதவனா நான்?

12-11-1986
வண்டியைத் திருமழபாடிக்குத் தள்ளிக்கொண்டே போனேன். ஏறி ஓட்ட முடியவில்லை.

நல்லதம்பியின் அம்மா ஆண்டாயி வாசலில் இருந்தாள். அவள் கையில் அந்த இரண்டு கண்ணியையும் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க மருமவ கூப்புட்டதால இல்லம்மா. இது ரெண்டும் செயின்ல இருந்ததால."

மண்ணை வாரி என் மேல் தூற்றினாள். நின்றேன். சிந்தாமணி கதவோரத்திலிருந்து வெளியே வந்தாள்.

"ஏத்தத்துல பாத்துப் போன்னாவது சொன்னீங்களா?"

"தெரியலம்மா."

வண்டியைத் திண்ணையோரம் சாத்தி வைத்தேன். நடந்தே திரும்பினேன்.

2-1-1987
செல்லக்கண்ணு தினமும் கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறான். திரும்பிப் பார்ப்பதில்லை. நான் வண்டியின் செயினை மட்டும் பார்க்கிறேன்.

1-10-1987
ஆயுத பூஜை. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன், சுத்தியலையும் செயின் ஆணி தட்டும் கம்பியையும் தவிர. "சாமி குத்தமாயிடும்" என்றாள் என் மனைவி குஞ்சம்மாள். ஆகட்டும் என்றேன்.

சாயங்காலம் செல்லக்கண்ணு வண்டியோடு வந்து நின்றான்.

"இங்க வரக்கூடாதுன்னுதான் அம்மா சொல்லுது. அண்ணிதான், அவருகிட்டயே காட்டிட்டு வான்னாங்க."

"அம்மா சாப்புடுறாங்களா?"

"அண்ணி போடுற சோத்தத்தான் சாப்புடுது."

செயினைத் தடவிப் பார்த்தேன். தளர்ந்திருந்தது. பூஜைக்குப் போகாத சுத்தியலை எடுத்து ஒரு கண்ணி குறைத்தேன். ஏறி உட்கார்ந்தான்.

"ஏத்தத்துல எந்திரிச்சு மிதிக்காத தம்பி" என்றேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகவே சொன்னேன். அவன் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனான்.

வண்டி முக்குத் திரும்பி மறைந்த பிறகும் நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம். குஞ்சம்மாள் வந்து தோளைத் தொட்டு நிறுத்தினாள்.