புல்தரையில் நான் சொன்ன "ஆமா"

புது ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இரண்டு நாளாக மழையில் நனைந்து கிடந்தது. காலையில் அதைத் தூக்கினேன். ஈர அட்டை வாசனை வந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நடத்திய சைக்கிள் கடையை மூடிய பிறகு உங்களுக்குப் பகல் பொழுது போகவில்லை. வேங்கிக்கால் வீட்டின் முன்னால் நான் ஆசையாகப் போட்ட புல்தரையில் ஒரு மூலையைக் கேட்டீர்கள், கீரைப் பாத்தி போட. ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில், "என்னமோ பண்ணித் தொலைங்க" என்றேன். தேரடி வீதிக் கடைகளில் அட்டை கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, புல்மேல் பரப்பி நனைத்து, அதன்மேல் எருவைக் கொட்டினீர்கள். "கொத்தவே வேணாம். வெளிச்சம் இல்லன்னா புல்லு தானா மக்கிடும், பாத்துக்கினே இரு" என்றீர்கள். உங்களை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து நாளாகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் ஆபீஸ் தோழி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். நீங்கள் மடித்துக் கட்டிய லுங்கியும் முழங்கை வரை எருவுமாக இருந்தீர்கள். "தோட்டத்துக்கு ஆள் வெச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். எனக்கு வாய் கூசவில்லை. உங்கள் காதிலும் விழுந்தது. பின்பக்கம் போனவர், அவள் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை.

பிறகு சமையலறை வாசலில் நின்று, "இந்த ஆளுக்கும் ஒரு டீ கெடைக்குமா, மேடம்?" என்று சிரித்தீர்கள். டீ போட்டுக் கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. மறுநாள் அட்டையையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு, "புல்லே இருக்கட்டும், உனக்குப் புடிச்சிருக்கு" என்றீர்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷம், போய்ச் சேரும்வரை, அந்தப் புல்லுக்குத் தண்ணீர் விட்டதும் நீங்கள்தான்.

இன்று ஃபிரிட்ஜ் அட்டையைப் பிரித்து அதே மூலையில் பரப்பினேன். மனசு ஆறவில்லை. தோழிக்குப் போன் போட்டேன். "அன்னிக்குத் தோட்டத்துல நீ பாத்தது ஆள் இல்லடி. எங்க வீட்டுக்காரரு."

"தெரியும்க்கா. உள்ள வந்ததுமே ஹால்ல உங்க கல்யாண போட்டோவப் பாத்துட்டேன். சங்கடப்படுவீங்கன்னு கேக்கல."

அந்தப் போட்டோவை மாட்டியதே நீங்கள்தான். அவள் உள்ளே வந்தால் அது கண்ணில் படும் என்று தெரிந்தும், நான் தலைகுனியக் கூடாது என்றுதான் வெயிலில் போய் நின்றீர்களா?

மூன்று வருஷம் தண்ணீர் விட்டீர்களே, ஒருநாளாவது நான் பக்கத்தில் வந்து, தப்பு பண்ணிட்டேங்க என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் சொல்லியாகிவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டியது அப்படியே என்னிடம் கிடக்கிறது.