ஒருநாளும் வெல்லாத மகாராஜா

அண்ணை,

நேற்றுக் காலை வேலைக்குப் போகும்போது சுரங்க ரயிலில் ஒரு ஜெர்மன் கிழவர் வந்து என் பக்கத்தில் இருந்தார். இருந்த உடனேயே குதிரைத் தைலத்தின் மணம் மூக்கில் ஏறியது. குதிரைக் கால்களுக்கென்று செய்து, கடைசியில் மனிதர்கள் எல்லோரும் பூசுகிற அந்தப் பச்சைக் களிம்பு. நீங்கள் பெரிய டப்பாவாக வாங்கி வைத்து இரண்டு முழங்காலுக்கும் அப்புவீர்களே, அதேதான். நான் இறங்க வேண்டிய தரிப்பிடம் போனது தெரியவில்லை. அதற்கு அடுத்ததும் போய்விட்டது. வேலைத்தலத்தில் ஏன் பிந்தினாய் என்று கேட்டார்கள். செத்துப்போன ஒரு மனுசனோடு கதைத்துக்கொண்டு போனேன் என்று சொல்ல முடியுமா? ரயில் பிந்திவிட்டது என்றேன். இந்த நாட்டில் அதை எல்லோரும் நம்புவார்கள்.

உங்களிடம் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது. சொல்லாமல் வைத்திருந்தால் எனக்கு நித்திரை வராது. அதற்கு முதல் கொஞ்சம் சண்டையும் பிடிக்க வேண்டும். நீங்கள் உயிரோடு இருந்தபோது பிடித்திருக்க வேண்டிய சண்டை.

உங்களை ரெஸ்லிங்காரன் என்றால் எங்கள் சனம் அப்போது நம்பவில்லை. நீங்கள் அந்தப் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற வேலைக்குத்தான் போனீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர் அங்கே கயிறு கட்டி மேடை போட்டு ரெஸ்லிங் நடத்துவார். ஒரு நாள் ஆள் ஒருவன் வரவில்லை. கிழவர் உங்கள் தோளைப் பார்த்தார், தும்புத்தடியை வாங்கி ஓரமாக வைத்தார். அடுத்த மாதமே நீங்கள் 'மகாராஜா'. உங்களைக் கட்டின அக்கா தன் சட்டைத் துணி ஒன்றை வெட்டி, சரிகைக்கரை வைத்துத் தலைப்பாகை தைத்துத் தந்தா. பருத்தித்துறையில் எவன் அண்ணை தலைப்பாகையோடு திரிந்தவன் என்று நான் கேட்டதற்கு, "விடடாப்பா, இவங்களுக்கு எல்லாம் ஒண்டுதான்" என்று சிரித்தீர்கள்.

பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். நடுவருக்கு இடுப்பு நோவு, ஆள் தேவை என்றீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாதே என்றேன். மூன்று வரைக்கும் எண்ணத் தெரிந்தால் போதும் என்று சொல்லிக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை என் தலைக்குள்ளால் மாட்டிவிட்டீர்கள்.

அந்தத் தொழிலை உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் எனக்கு அதில் மரியாதை வந்தது. யார் வெல்வது, யார் தோற்பது என்று கிழவர் முதலே ஒரு தாளில் எழுதி உடுப்பு மாற்றுகிற அறையில் ஒட்டிவிடுவார். சனத்துக்கு அது தெரியக்கூடாது. கட்டின பெண்சாதிக்கும் சொல்லக்கூடாது. அது அந்தத் தொழிலின் சத்தியம். உங்கள் பெயர் எப்போதும் தோற்கிற பக்கத்தில்தான் இருக்கும். வில்லன் அல்லவா? சனம் உங்களைப் பார்த்து ஊளையிட வேண்டும், நீங்கள் பல்லைக் கடித்து உறும வேண்டும், கடைசியில் தொப்பென்று விழ வேண்டும். "விழுறதும் ஒரு வேலைதான். விழத் தெரியாதவனோட ஒருத்தனும் மோத வரமாட்டான்" என்பீர்கள். உங்களோடு மோதிய ஒருவனுக்கும் ஒரு சுளுக்குக்கூட வந்ததில்லை. அடிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரித்தான் கீழே விடுவீர்கள்.

நடுவருக்கும் ஒரு சத்தியம் இருந்தது. தாளில் என்னவும் எழுதியிருக்கட்டும், ஒருவனுடைய இரண்டு தோளும் தரையில் பட்டுக் கிடந்தால் மூன்று எண்ணத்தான் வேண்டும். தோற்கக்கூடாதவன் இரண்டிலே தோளைத் தூக்கிவிடுவான். அதை நம்பித்தான் ஆட்டமே நடக்கும்.

பன்னிரண்டு வருடம் இப்படித் தோற்றீர்கள். பிறகு ஒரு நாள் கிழவர் தாளில் உங்கள் பெயரை வெல்கிற பக்கம் எழுதினார். மகாராஜா மார்க்கோவை வெல்கிறார். மார்க்கோ அந்த ஊர் மின்சார வேலைக்காரன், சனத்துக்குச் செல்லப்பிள்ளை, மனைவி அப்போது மாசமாக இருந்தாள். உங்களுக்கு அன்றைக்குத் தலைகால் தெரியவில்லை. சத்தியத்தை மறந்துபோய் நேரே வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லிவிட்டீர்கள், வாற ஞாயிறு நான் வெல்லுவன் என்று. அதுதான் அண்ணை நீங்கள் செய்த பிழை. ஒருநாளும் வராத அக்கா, பட்டுச்சேலை உடுத்து, பக்கத்து வீட்டு இரண்டு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு, வென்ற கையோடு எல்லோருக்கும் கொடுப்பதற்கு ஒரு பெட்டி ரோல்ஸும் பொரித்துக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் இருந்தா.

அன்றைக்கு நடந்தது எனக்கு இன்னும் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. மார்க்கோவும் நீங்களும் கயிற்றில் மோதித் திரும்பி வந்து ஒருவரில் ஒருவர் இடித்து விழுந்தீர்கள். நீங்கள் கீழே, அவன் மேலே, அவனுடைய கை உங்கள் நெஞ்சில். தாளின்படி நீங்கள் இரண்டிலே தோளைத் தூக்க வேண்டும், பிறகு அவனைத் தோளில் ஏற்றித் தலைகீழாகப் போட்டு வெல்ல வேண்டும். நான் தரையில் கையால் ஒன்று அடித்தேன். இரண்டு அடித்தேன். நீங்கள் அசையவில்லை. என் கை அந்தரத்தில் நின்றது. வாய் அசையாமல் சொன்னீர்கள்:

"எண்ணு. இவன்ரை கை செத்துப்போய்க் கிடக்குது. நான் இவனைத் தூக்கிப் போட ஏலாது."

நான் மூன்று அடித்தேன். மணி அடித்தது. சனம் மார்க்கோ, மார்க்கோ என்று கத்தியது. அவன் களைத்துப்போய்க் கிடக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இன்னொருமுறை கழுத்து அடிபட விழுந்திருந்தால் இந்த மனிதன் இனி எழுந்து நடந்திருக்கமாட்டான் என்று மருத்துவர் பிறகு சொன்னார். அவனுக்குக் கழுத்து நோ தொடங்கி இரண்டு மாதமாம். டாக்டரைப் பார்க்கக் குறித்த நாளை, அந்த டெர்மீனை, இரண்டு தரம் தள்ளிப்போட்டிருக்கிறான், ஒருவருக்கும் சொல்லவில்லை.

உடுப்பு மாற்றுகிற அறையில் என் கையைப் பிடித்து நீங்கள் சத்தியம் வாங்கினீர்கள். வெளியில் தெரிந்தால் நோயை மறைத்து ஏறினான் என்று அவனை இனி ஒரு மேடையிலும் ஏற்றமாட்டார்கள், பிள்ளை பிறக்கப்போகிற நேரம் என்றீர்கள். அக்காவுக்குமா என்று கேட்டேன். அவளுக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி என்றீர்கள். நானும் மண்டையை ஆட்டினேன்.

வாசலில் அக்கா நின்றா. ரோல்ஸ் பெட்டி திறக்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துச் சொன்னா: "உன்ரை கையாலைதானே தம்பி எண்ணினனீ."

உங்களுக்கு என்ன, நீங்கள் விழுந்து எழும்பிவிட்டீர்கள். பழி என் தலையில் விழுந்தது. தன்னுடைய ஆளை வெள்ளைக்காரனோடு சேர்ந்து தோற்கடித்தவன் என்று அக்கா என்னோடு கதைப்பதை விட்டுவிட்டா. உங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எனக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி இல்லை. நீங்கள் கீழே வந்து வாகனத் தரிப்பிடத்தில் நின்று கதைத்துவிட்டுப் போவீர்கள். அடுத்த வருடம் முழங்கால் விட்டுவிட்டது. வெல்லாமலே விலகினீர்கள். உங்கள் செத்தவீட்டிலும் அக்கா என் முகம் பார்க்கவில்லை. சவப்பெட்டியைத் தூக்கக் கை கொடுக்கப் போனேன், வேறொருவரைக் கூப்பிட்டா. அன்றைக்கு எனக்கு உங்களில் வந்த கோபம், அண்ணை, அழுகையை விடப் பெரிதாக இருந்தது.

இனிச் சங்கதிக்கு வாறேன். கிழவர் போன பிறகு அந்த மேடையை நடத்துவது மார்க்கோதான். கழுத்து சுகமாகி இரண்டு வருடம் ஏறினான், பிறகு மற்றவர்களை ஏற்றத் தொடங்கினான். நான் இப்போதும் போய் எண்ணுகிறேன். பள்ளிக்கூடத்தை இடிக்கப் போகிறார்கள், வேறு மண்டபம் பார்த்திருக்கிறார்கள். பழைய மண்டபத்தில் கடைசி ஆட்டத்துக்கு அக்கா வர வேண்டும், உள்ளதை எல்லோருக்கும் முன்னால் நானே சொல்லப் போகிறேன், இனி எனக்கு யார் என்ன செய்கிறது என்றான் மார்க்கோ. அப்படியென்றால் சனத்துக்கு முதல் அக்காவுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். போன சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் மணி அடித்தேன்.

கதவைத் திறந்தா, வா என்று சொல்லவில்லை. சப்பாத்தும் கழற்றாமல் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்குச் செய்த சத்தியத்தை முறித்துத்தான் சொன்னேன். சந்தோசப்படுவா, அழுவா, உள்ளே கூப்பிடுவா என்று நினைத்துக்கொண்டு போன மடையன் நான். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. முகம் கறுத்துப்போனது.

"அந்த ஆட்டத்துக்குப் பிறகு எட்டு வரியம்," என்றா. "எட்டு வரியம் ஒரே வீட்டிலை இருந்த மனிசன். ஒரு சொல்லுச் சொல்லேலாமப் போச்சோ ரெண்டு பேருக்கும்? சண்டை வரேக்கை எல்லாம் நான் அந்த மனிசனை என்னெண்டு பேசினனான் தெரியுமோ? வெல்லத் தெரியாத சென்மம் எண்டு. ஆசுப்பத்திரியிலையும் ஒருக்காச் சொன்னனான். அந்தாள் சிரிச்சுக்கொண்டு கிடந்தது. இனி நான் ஆரிட்டைப் போய் அதைத் திருப்பி எடுக்கிறது?"

மார்க்கோவைக் காப்பாற்றினோம், தொழிலின் சத்தியத்தைக் காப்பாற்றினோம், ஆம்பிளைகள் இரண்டு பேரும் பெரிய காரியம் செய்துவிட்டோம் என்று இவ்வளவு காலமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அதற்கு விலை கொடுத்தது யார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. தேத்தண்ணி கிடைக்காததைத்தான் பெரிய அநியாயமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் யோசிக்கவில்லை, அண்ணை. நல்ல மனுசன்தான் நீங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இதில் பிழை விட்டுவிட்டீர்கள். நானும்தான்.

ஞாயிறு அக்கா வரமாட்டா என்றே நினைத்தேன். வந்தா. சாதாரணச் சேலை, கையில் ஒன்றும் இல்லை. ஆட்டம் தொடங்க முதல் மார்க்கோ தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து அக்காவின் கையைப் பிடித்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஆட்டத்தில் வென்றது மகாராஜாதான் என்று இன்றைக்கு மேடையில் சொல்லப் போகிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவருடைய கதையைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன், எதிரில் நிற்பவனுக்கு ஏலாவிட்டால் தாளைப் பார்க்காதே, விழுந்துவிடு என்பதுதான் இங்கே சட்டம் என்றான். நான் அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அக்கா கனநேரம் அந்தப் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு நின்றா.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னா: "வெண்டவர் எண்டு சொல்ல வேண்டாமெண்டு சொல்லு. தோத்ததுதானே உண்மை, தெரிஞ்சுதானே தோத்தவர். அந்தச் சட்டத்தோடை இன்னொண்டையும் சேர்க்கச் சொல்லு. இனி ஆராவது இப்பிடி விழுந்தா, அண்டைக்கே வீட்டிலை சொல்லோணும்."

மார்க்கோ அதை அங்கேயே தாளில் எழுதி ஒட்டினான்; மேடையிலும் அக்கா சொன்னபடியே சொன்னான்.

அன்றைய மூன்றாவது ஆட்டத்தில் சண்டை பிடித்தவர்கள் இரண்டு பெண்கள். வெல்ல வேண்டியவள், மற்றவளுக்குக் கால் பிரண்டதைக் கண்டு, தோளைத் தூக்காமல் கிடந்தாள். நான் மூன்று எண்ணினேன். தெரிந்தே தோற்ற அந்தப் பெண் உள்ளே வந்து முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தாள். அவளுடைய தாய் தகப்பன் வெளியில் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களாம், இவ்வளவு தூரம் கார் ஓடி வந்ததே அவள் வெல்வதைப் பார்க்கத்தானாம். பிறகு ஆறுதலாக வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றாள். நான் விடவில்லை, அண்ணை. அவளுடைய கையைப் பிடித்து எழுப்பி, வேர்வை காய முதலே தாயிடம் கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.