எனக்காகப் பேசப் போகிறவள்

அன்புள்ள வாயாடி மகளுக்கு,

இங்கே என் பித்தப்பையைத் தவிர எல்லோரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வெறும் நம்பிக்கைதான், உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. அடுத்த வாரம் பித்தப்பையை எடுத்துவிடப் போகிறார்கள், சின்ன ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனாலும் உன் அப்பா இப்போதே பாதி இளைத்துவிட்டார். பெயர் பதியப் போனபோது நர்ஸ் என்னிடம், நீங்க பேச முடியாத நிலைமை வந்தா உங்களுக்காக முடிவு சொல்ல யார் பேரைப் போடலாம்னு கேட்டாள். இவ பேச முடியாம போறதா, அப்படி ஒரு வைத்தியம் இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதான்னு உன் அப்பா சிரித்தார், நர்ஸும் சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இப்படிக் கேட்பாங்க, என் பேரைத்தான் போடணும்மா என்று நீ முன்பே ஃபோனில் கெஞ்சியது காதிலேயே இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உன் வேலையை இங்கே யாருக்காவது புரிய வைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிடுகிறது. மாடி வீட்டு டீச்சர் நேற்றுகூட டாக்டரா என்று கேட்டார், இல்லை என்றேன், நர்ஸா, அதுவும் இல்லை, அப்போ வக்கீலா என்றார். மருத்துவ அறநெறி ஆலோசகர் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறாள் என்றால் திருதிருவென்று முழிக்கிறார். வைத்தியத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று டாக்டர் ஒரு பக்கம் வீட்டார் ஒரு பக்கம் இழுக்கும்போது, படுத்திருக்கிறவர் என்ன சொல்லியிருப்பார் என்று எல்லோரையும் உட்கார வைத்து யோசிக்கச் செய்கிற வேலை என்று விளக்கினேன். இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா என்று ஆச்சரியப்பட்டார். பயிற்சியில் நோயாளி மாதிரி ஒருவரை நடிக்கச் சொல்லி, சண்டை போடும் சொந்தக்காரர்களாகச் சிலரை நடிக்கச் சொல்லி உங்களைப் பழக்குகிறார்கள் என்று நீ சொன்னாயே, நம் வீட்டில் சொந்தக்காரர்கள் நடிக்கவே வேண்டாமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது.

அதுதான் போன ஞாயிற்றுக்கிழமை உன்னையும் ஃபோனில் வீடியோ போட்டுக் கூப்பிட்டு நான் நடத்திய கூத்து. எனக்கு நினைவு இருக்கிறது, பேச்சு மட்டும் இல்லை, எனக்கு என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று அறிவித்துவிட்டு சோபாவில் நீட்டிப் படுத்தேன். உன் அப்பா தனக்குக் குளிர்கிறது என்று என் மேல் கம்பளியைப் போட்டார், பிறகு தலைமாட்டில் நின்று நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் அண்ணன், எது வேணாலும் செய்யுங்க, எல்லாத்தையும் செய்யுங்க என்று விட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சத்தம் இருந்தா அம்மாவுக்குத் தெம்பா இருக்கும் என்று தன் மேட்சைப் போட்டுக்கொண்டான். நீ ஃபோனில் இருந்தபடியே அத்தனை பேரையும் அடக்கினாய், அண்ணா, உனக்கு என்ன வேணும்னு கேக்கல, நோயாளி என்ன சொல்லியிருப்பாங்கன்னு கேக்கறேன் என்றாய், எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கம்பளிக்குள் வெந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் உன் அண்ணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அத்தைக்குப் புழுக்கம், ஜன்னலைத் திறக்கணும், டிவி ஆகவே ஆகாது, மாமா அழுதா அவங்களுக்கு எரிச்சல் வரும், நீங்க அந்த நாற்காலியில உக்காருங்க மாமா என்று மளமளவென்று எல்லாவற்றையும் செய்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை, எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. இத்தனை வருஷம் தொட்டதற்கெல்லாம் என்னோடு மல்லுக்கு நின்றதில் என்னை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாள். மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, யாரையும் அடையாளம் தெரியாமல் நான் மெஷினில் கிடந்தால் என்ன செய்வாய் என்று நேராகவே கேட்டேன். கொஞ்ச நாள் பாப்பேன் அத்தை, தேற மாட்டாங்கன்னு டாக்டர் சொல்லிட்டா நிறுத்தச் சொல்லிடுவேன், மாமா என்னைத் திட்டுவார், திட்டட்டும் என்றாள். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. அவள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன்.

இந்நேரம் உன் முகம் உப்பியிருக்கும், படித்தது நான், பெயர் அவளுடையதா என்று. கோபப்படு, ஆனால் இதையும் கேள். விளையாட்டு என்று தெரிந்தும் அன்றைக்கு ஃபோனில் உன் முகம் இறுகிப்போனது, பேசி முடிக்கும்வரை நீ என்னை ஒரு தடவைகூட அம்மா என்று சொல்லவில்லை. தன் சொந்தக்காரர்கள் விஷயத்தில் யாரும் ஆலோசகராக உட்காரக் கூடாது என்று உன் மேலதிகாரி அம்மாள் சொன்னதை நீதான் எனக்குச் சொன்னாய், அந்தம்மாள் கெட்டிக்காரி. அப்படி ஒரு நாள் வந்தால் முடிவு சொல்ல உன் அண்ணி இருக்கிறாள், கூட்டம் நடத்த அந்த ஆஸ்பத்திரியில் யாராவது இருப்பார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, நியாயம் ஒன்றும் பார்க்காமல், போகாதேம்மா என்று அழ எனக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த இடத்தை உனக்குத்தான் வைத்திருக்கிறேன், வேறு யாருக்கும் தரமாட்டேன்.

ஆபரேஷன் அன்றைக்கு டாக்டருக்கு ஃபோன் போட்டுக் கேள்வியால் துளைக்காதே, அவர் நல்ல மனுஷர். நீ நோய்நொடி இல்லாமல் நிறைந்த மனதோடு வாழணும், உன்னால் பல குடும்பங்கள் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டு வீடு திரும்பணும். ஒன்றை மட்டும் மறக்காதே, லீவுக்கு வரும்போது கழுத்தில் தொங்குகிற அந்த ஆஸ்பத்திரி அட்டையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வா.

எப்போதும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா