கொள்ளைக்காரர் துறைக்கு ஒரு டிக்கெட்

ஏப்ரல் 9, ஞாயிறு
இன்று பதினாறு பேர், ஒரு நாய். படகுத்துறையில் வழிகாட்டிக் கொடியை உயர்த்தி, வழக்கம்போலச் சொன்னேன்: "எங்க முன்னோர் இந்த பிவா ஏரியில கொள்ளையடிச்சவங்க. சுங்கம் கட்டாத படகு ஒண்ணும் தப்பினதில்ல. எங்க இசோதா குடும்பமும் அதுல உண்டு!" எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற புது ஹோட்டல் மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 12
வழிகாட்டிகள் சங்கக் கூட்டம். புதுக் கையேடு கொடுத்தார்கள். அதில் கொள்ளைக்காரர்கள் 'ஏரிப் பாதுகாவலர்கள்' ஆகிவிட்டார்கள்.

தலைவர் நிஷியுரா தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்: "கல்யாணத்துக்கு வர்ற ஜோடிங்ககிட்ட திருட்டுக் கதையா சொல்றது, இசோதா சான்? ஹோட்டல்காரங்க முகம் சுளிக்கிறாங்க."

"பாதுகாத்தாங்களா? யார்கிட்டேயிருந்து?" என்றேன்.

நிஷியுரா கையேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், அதற்கு நானும் பரிமாற வேண்டுமாம்.

ஏப்ரல் 16, ஞாயிறு
கொள்ளை என்றேதான் சொன்னேன். இரண்டு முறை.

ஏப்ரல் 18
கொடியையும் கைப்பட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். பதினொரு வருஷம் பிடித்த கொடி. "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்றார் நிஷியுரா. நான் களைத்துப்போனேன் என்று இவருக்கு யார் சொன்னது?

அழுதேன். ஆத்திரத்தில்தான். என் கடையில் விற்க அடுப்பில் வைத்த இறாலும் சோயாப் பயறும் தீய்ந்துபோயின. சரி, போகட்டும். கொடியைப் பிடுங்கலாம் — என் காலையுமா பிடுங்குவார்கள்?

ஏப்ரல் 23, ஞாயிறு
டிக்கெட் வாங்கினேன்!

என் இடத்தில் ஹயாமி. தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர், இதுவரை என் குழுவின் கடைசியில் துணைக்கு நடந்தவர், அதிர்ந்து பேசாதவர். துறையில் நின்று கையேட்டை வாசித்தார். நான் கையைத் தூக்கினேன்.

"சுங்கம் கட்டாத படகை என்ன பண்ணினாங்க?"

"இசோதா சான்... உங்களுக்குத் தெரியாததா?"

"நான் டிக்கெட் வாங்கிட்டு வந்தவ. எனக்கு ஒண்ணும் தெரியாது."

விருந்தினர் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பதில் தெரியாவிட்டால் எழுதிக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் அஞ்சலட்டையில் அனுப்ப வேண்டும். இது சங்கத்தின் விதி. கொண்டுவந்தவரே நிஷியுராதான். ஹயாமி வியர்க்க வியர்க்க எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 29
அஞ்சலட்டை வந்தது. 'ஆராய்ந்து வருகிறோம்.' சங்க முத்திரை வேறு. ஐந்நூறு வருஷம் போதவில்லையா இவர்களுக்கு?

ஏப்ரல் 30, ஞாயிறு
மறுபடியும் டிக்கெட், மறுபடியும் கை. ஒசாகாவிலிருந்து வந்த இரண்டு பெண்களும் சேர்ந்து தூக்கினார்கள்: "எங்களுக்கும் அட்டை வேணும்!"

முடிந்ததும் ஹயாமி தனியே வந்தார். "என்னை ஏன் இப்படி வாட்டுறீங்க?"

"உங்களையில்ல. அந்தப் புத்தகத்தை."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடுவதாயில்லை.

மே 3
நிஷியுரா கடைக்கே வந்துவிட்டார். "இனிமே உங்களுக்கு டிக்கெட் இல்லன்னு சொன்னா?"

"சொல்லிப்பாருங்க. ஹோட்டல் வாசல்லயே நின்னு கேக்குறேன்."

நூறு கிராம் இறால் வாங்கிக்கொண்டு போனார்.

மே 7, ஞாயிறு
டிக்கெட் கொடுத்தார்கள். துறை வந்ததும் ஹயாமி கையேட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

"இங்க நடந்தது கொள்ளைதான். நான் இந்த ஊருக்கு வீட்டோட மாப்பிள்ளையா வந்தவன். பொறந்தது வடகரை. எங்க முன்னோர் அரிசியும் படகும் இந்தத் துறையிலதான் பறிபோச்சு. நீந்திக் கரையேறினது அண்ணன் தம்பியில ஒருத்தர்தான்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. பாதுகாப்புன்னு என் வாயால இனிமே வராது."

யாரும் சிரிக்கவில்லை. பதினொரு வருஷமாக இதே இடத்தில் நான் எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறேன். அவர் வடகரைக்காரர் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எத்தனை முறை என் பின்னால் நின்று கேட்டிருப்பார்?

"இசோதா சான், கேள்வி ஏதும் உண்டா?"

இல்லை என்றேன். எல்லோரும் பார்க்க, ஹயாமி முன் மன்னிப்புக் கேட்பவள் குனிகிற அளவுக்குக் குனிந்தேன். நிஷியுரா முன் என் தலை இம்மிகூடத் தாழ்ந்ததில்லை.