இறக்கத்தில் மட்டும் வரும் கோளாறு

3 ஜூன் 2025, செவ்வாய்

இனி மலைச்சாலையில் கார் ஓட்டக் கூடாது என்று திருப்பத்தூர் கண் டாக்டர் சொல்லிவிட்டார். காரை விற்றுவிட வேண்டியதுதான்.

காலையில் எங்கள் மலையூரிலிருந்து இறங்கும்போது, ஆலங்காயத்துக்கு முந்தைய வளைவுகளில், பிரேக் மிதி அடிவரை போனது. ஓரங்கட்டி ஆறவிட்டேன். பிறகு சரியாகப் பிடித்தது. கோளாறு காரிலா, என் காலிலா? எழுபத்திரண்டு வயதுக் காலை எப்படி நம்புவது?

5 ஜூன், வியாழன்

மெக்கானிக் பழனி கடைத்தெருவில் ஓட்டிப் பார்த்தான். "நல்லா புடிக்குதுங்க சார். உங்களுக்குத்தான் பயம்." இருக்கலாம். ஆனால் கடைத்தெரு சமதரை. இறக்கத்தில் ஓட்டிப் பார் என்று கேட்க வாய் வரவில்லை.

8 ஜூன், ஞாயிறு

காரைப் பார்க்க வந்த இருவரிடமும் கதவுக் கீறல், ஏசி சத்தம், ஒருமுறை உள்ளே மழைநீர் புகுந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். இவ்வளவு சொல்கிறவன் எதை மறைக்கிறானோ என்று நினைத்திருப்பார்கள். திரும்பி வரவில்லை. பிரேக்கைப் பற்றிச் சொல்லவில்லை – உறுதியாகத் தெரியாததை எப்படிச் சொல்வது?

11 ஜூன், புதன்

வாணியம்பாடித் தோல் வியாபாரி அமீனுல்லா போன் செய்தார். பக்ரீத் விருந்தாளிகள் கிளம்பியதும் ஞாயிறன்று வருகிறாராம். மனைவி குப்பம்மாள் முன்கூட்டியே என்னை எச்சரித்தாள்: "இவருகிட்டயாவது வாய மூடினு இருங்க. பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட பொண்ணோட பல்லுவலிய சொல்லுவாங்களா?"

15 ஜூன், ஞாயிறு

அமீனுல்லா தன் பேத்தி புஷ்ராவோடு பஸ்ஸில் வந்தார். ஏரிவரை ஓட்டிப் பார்த்தார், பிடித்துவிட்டது. பணம் தந்தார், கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை பேச்சை ஆரம்பித்தேன். "இன்னா சார், சொல்லுங்க" என்றார். ஏசி சத்தம் போடும் என்றேன். ஏசி!

கார் கிளம்பியது. குழந்தை பின்சீட்டிலிருந்து கையசைத்தாள்.

அதன்பிறகுதான் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது எப்படி எடுப்பார்? அடுத்த பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே – போதும்.

பாதி இறக்கத்தில் கார் மண்மேட்டில் முட்டி நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு கல்லில் அவர் உட்கார்ந்திருந்தார், மடியில் குழந்தை. இருவருக்கும் அடி இல்லை.

"பிரேக்கு எறங்கிப் போச்சு சார். மேட்டுல ஏத்தி நிறுத்தினேன்."

"எனக்குத் தெரியும்ங்க" என்றேன். சொல்லியே விட்டேன். இந்த இறக்கத்தில்தான், இப்படித்தான், போன வாரத்துக்கு முந்தின வாரம்.

அவர் குழந்தையை இறுக்கிக்கொண்டார். பிறகு, "கொழந்த பின்னாடி இருந்துச்சு சார்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

16 ஜூன்

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

18 ஜூன்

குப்பம்மாளோடு பேசவில்லை. அவள் மேல் என்ன தப்பு? வாய் என்னுடையது.

22 ஜூன், ஞாயிறு

அமீனுல்லா ஆலங்காயத்தில் பிரேக் முழுவதும் மாற்றியிருக்கிறார். செலவை நான் ஏற்றேன். காலையில் அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு மேலே வந்தார். குழந்தையைக் காணோம்.

வீட்டுக்குள் வரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. காரின் முன்கதவைத் திறந்துவிட்டார்.

"பேத்திய வூட்ல வுட்டுட்டு வந்துட்டேன். நீங்க ஏறுங்க சார். எறங்கிப் பாக்கலாம்."

ஏறினேன். பெல்ட் மாட்டினேன். இறக்கம் முழுவதும் சாலையைப் பார்க்கவில்லை, அவர் காலையே பார்த்தேன். மண்மேட்டு வளைவில் வேண்டுமென்றே அழுத்தி மிதித்தார். பிடித்தது.

ஆலங்காயம் பஸ் நிலையத்தில் நிறுத்தினார். "கார நான் வச்சிக்கிறேன்" என்றார். தலையாட்டி இறங்கினேன்.

"பஸ் நிக்குது பாருங்க. போங்க."

போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை.