மதினி, வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன்

என் ஜெசிந்தா மதினிக்கு,

அங்கே உங்களுக்குக் கோபம் தணிந்துவிட்டதா? எனக்கு இன்னும் தணியவில்லை.

தீர்ப்பு வந்துவிட்டது. ரூபனுக்கு ஆயுள் தண்டனை. உங்கள் தம்பி என்று எழுதவும் மனமில்லை, என் கணவன் என்று எழுதவும் மனமில்லை. வெறும் பெயரையே எழுதுகிறேன். இதை வேறு பலரும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழம்பில் உப்புக் கூடிப்போனதில் தொடங்கிய சண்டை அது. தலைமுடியைப் பிடித்து மாடிப்படி வரைக்கும் இழுத்து வந்து, உச்சிப்படியில் வைத்து இடுப்பில் மிதித்தான். உருண்டு விழும்போது என் முதுகெலும்பு முறிந்த சத்தத்தை நானே கேட்டேன். அன்றோடு என் கால்கள் இரண்டும் போயின.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் மாமா, அதாவது உங்கள் அப்பா, டாக்டரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, டிரைவர் சட்டையோடு நீங்கள் உள்ளே வந்தீர்கள். என் காதருகே குனிந்து, "தள்ளுனானாட்டி?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் கண்ணை மூடித் திறந்தேன். உடனே நிமிர்ந்து, "வழுக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் தம்பி மிதிச்சுத் தள்ளியிருக்கான். எழுதிக்கிடுங்க டாக்டர்" என்றீர்கள். எல்லோர் முன்னாலும் மாமா உங்களை அறைந்தார். நீங்கள் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. "இன்னொண்ணும் அடிங்க. எழுதுனது எழுதுனதுதான்" என்றீர்கள்.

அவன் ஜாமீனில் வெளியே வந்தான். நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். புருஷனும் இல்லாமல், ஒரே மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்த நீங்கள், என்னைக் குளிப்பாட்டி, மூத்திரப்பை மாற்றி, ஒரு நாள் கத்தியே விட்டீர்கள். "ஏட்டி பிரேமா, எத்தன நாளைக்கு இந்தச் சுவத்தயே பாத்துக்கிட்டு கெடப்ப? வா, ஊரப் பாப்போம்."

நீங்கள் ஓட்டிய பழைய பள்ளி வேனின் சீட்டுகளைக் கழற்றி எறிந்தீர்கள். எனக்கு ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, திரை போட்ட மூலையில் நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி. பின்கதவில் மடக்கி இறக்குகிற இரும்புப் பலகை; அதன் வழியாக என் சக்கர நாற்காலி நேரே உள்ளே ஏறிவிடும். நம் தெருக்காரர்கள் அதற்குக் கேரவன் என்று பெயர் வைத்தார்கள். "சினிமாக்காரவியளா?" என்று டீக்கடையில் கேட்டால், "ஆமா, இவதான் கதாநாயகி" என்பீர்கள்.

ஊர் பார்ப்பது கால் இருக்கிறவர்களுக்கு என்று கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. போகிற இடமெல்லாம் படி. படி இல்லாத இடத்தில் ஜல்லி. கக்கூஸ் இருந்தால் அதன் வாசல் நாற்காலியைவிடக் குறுகல். நீங்கள் ஒவ்வொரு படியையும் பகையாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, பலகையைத் தூக்கிவந்து போடுவீர்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சுற்றி என்னைத் தள்ளிக்கொண்டு போனீர்களே, அன்று நான் வெயிலில் வாய்விட்டுச் சிரித்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கோட்டையை விட்டுவிட்டு நம்மைப் பார்த்தார்கள். "நல்லாப் பாத்துக்கிடட்டும், டிக்கெட்டு கேக்கலயே" என்றீர்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் ரூபனால் தாங்க முடியவில்லை. யாரோ போனில் எடுத்த படம் அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊர் ஊராய்த் திரிந்து அவன் மானத்தை வாங்குகிறோமாம்.

கொத்தமல்லி பூத்திருக்கிற காட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது நான். எப்போதும்வென்றான் ஊருக்குப் போகிற வழியில், ரோட்டோரம் வண்டியை நிறுத்தினீர்கள். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் ஊறிக் கிடந்தது. வரப்போரமாகக் கொஞ்சம் உருட்டியதுமே சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டது. பிசைந்த மாவு மாதிரி, எடுக்க எடுக்க ஏறியது. "இரு, சுரண்டுததுக்கு எதாவது எடுத்துட்டு வாரேன்" என்று வண்டிக்குப் போனீர்கள். நான் வெள்ளைப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைக் வந்து நின்ற சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

நம் வண்டிக்குப் பின்னாலேயே வந்திருக்கிறான் ரூபன், கையில் அரிவாளோடு. நாற்காலியை நகர்த்த முடியவில்லை. சக்கரத்தைப் பிடித்து இழுத்தேன், என் கைதான் வழுக்கியது. ஒரே உதையில் என்னைக் குப்புறத் தள்ளினான். வாயெல்லாம் சேறு. முதுகில் ஏறி மிதித்தான். செத்த முதுகு, வலிக்கவில்லை. அப்போதுதான் உங்கள் குரல் கேட்டது.

"ஏலே ரூபன், அவள விடுலே!"

டயர் கழற்றுகிற இரும்புக் கம்பியோடு ஓடி வந்தீர்கள். அவன் திரும்பினான். "நீ என் அக்காளா? பெறத்தியாளுக்காகக் கூடப்பொறந்தவனையா காட்டிக்குடுக்க?" என்று கேட்டுக்கொண்டே வெட்டினான். தோளில் விழுந்தது முதல் வெட்டு. நீங்கள் நிற்கவில்லை. அவன் முழங்காலில் அடித்தீர்கள். அவன் மறுபடி கழுத்தோரம் வெட்டினான். மறுபடியும் அதே முழங்காலில் அடித்தீர்கள், எலும்பு நொறுங்குகிற வரைக்கும். அவன் அலறி விழுந்த பிறகுதான் நீங்கள் விழுந்தீர்கள். தம்பியை அடிக்கிறோம் என்று ஒரு நொடியாவது உங்களுக்குத் தோன்றியதா மதினி?

கையை ஊன்றி ஊன்றிச் சேற்றில் நீந்துவதுபோல உங்களிடம் வந்தேன். கழுத்தில் என் முந்தானையை அழுத்தினேன். விரலிடுக்கில் சூடாக வந்துகொண்டே இருந்தது. பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். முழங்கால் போனவனால் எழுந்து ஓட முடியவில்லை. அவர்கள்தான் களைக்கொத்தோடு சுற்றி நின்று போலீஸ் வரும்வரைக்கும் அவனை நகரவிடாமல் வைத்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களை அடக்கம் செய்த கையோடு மாமா என்னைத் தேடி வந்தார். "போனவ போயிட்டா. இருக்குறவனையாவது காப்பாத்திக் குடும்மா. அவதான் மொத அடிச்சான்னு ஒரு வார்த்த சொல்லிரு." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "நீ கீழ விழுந்து கெடந்தவ. ஒண்ணும் பாக்கலன்னாவது சொல்லு" என்று அழுதார். பெற்ற இரண்டு பேரில் ஒருத்தி மண்ணுக்குள் கிடக்க, அவர் யாருக்காக அழுதார்? முடியாது என்றேன். அந்த வாரமே நம் வண்டியின் கண்ணாடிகளை யாரோ கல்லால் அடித்து நொறுக்கினார்கள். வீட்டு வாசலில் நின்று, இரண்டாவது தடவை தள்ளினால் கழுத்து முறியும் என்று கத்திவிட்டுப் போனார்கள்.

கோர்ட்டில் அவனுடைய வக்கீலும் மாமா சொன்னதையேதான் கேட்டார். "நீங்க குப்புற விழுந்து கிடந்தீங்க. முகத்துல சேறு. எப்படிம்மா பாத்தீங்க?"

"பாத்தேன்யா. மதினி என்னப் பாத்துக்கிட்டேதான் விழுந்தாவ" என்றேன்.

கூண்டில் நின்ற அவன் தலை குனியவில்லை. தீர்ப்பு வாசித்தபோது எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்தக் கம்பி என் கையில் இல்லையே என்றுதான் இருந்தது. இப்படி நினைப்பது பாவமா? உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

உங்கள் மகள் ரீட்டா வண்டியை எனக்கே கொடுத்துவிட்டாள். "எங்கம்மா உங்களுக்குச் செஞ்சது, மாமி. நிறுத்தி வச்சுத் துருப்பிடிக்க விட்றாதீங்க" என்றாள். கிளச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றையும் கையாலேயே இயக்குகிற மாதிரி மாற்றிவிட்டேன். லைசென்ஸும் வாங்கிவிட்டேன். தீப்பெட்டி ஆபீஸ் வெடிவிபத்தில் காலைப் பறிகொடுத்த மாரியம்மாள் இப்போது என்னோடு வருகிறாள். அவளுடையது ஒரு நாற்காலி, என்னுடையது ஒன்று. உள்ளே இடிபடும், சண்டை வரும், சிரிப்போம்.

போன வாரம் பசுவந்தனை ரோட்டில் ஒரு சம்பவம் நடந்தது. நிழல் பார்த்து நிறுத்தி, வண்டிக்குள் இருந்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பெண் ஓடி வந்தாள். ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது, உதடு கிழிந்து ரத்தம்.

"எங்கனக்கா போறீங்க?"

"ஊர் பாக்கப் போறோம்."

"என்னையும் ஏத்திக்கிடுங்க. வாரான், கொன்னுருவான்."

மாரியம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவை அடைத்தாள். கம்போடு வந்தவன் வண்டியின் முன்னால் மறித்து நின்றான். "எறக்கி விடுங்கட்டி, நொண்டிச் சிறுக்கிகளா!" என்று கத்திக்கொண்டு முன்கண்ணாடியில் ஓங்கி அடித்தான். கண்ணாடி விரிசல் விட்டது. நான் வண்டியைக் கிளப்பினேன். அவன் நகரவில்லை, பொம்பளைதானே, நிறுத்திவிடுவாள் என்ற தைரியம். நான் நிறுத்தவில்லை. அவன் சிரிப்பு மாறி, முகம் வெளுத்து, கம்பைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே தடுமாறிப் போனான். வண்டி அவன் வயிற்றைத் தொட்டபோது என் கை பிரேக்கைப் பிடித்தது. அவன் ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்தான். நாங்கள் போய்விட்டோம்.

பிரேக்கைப் பிடித்தது நான்தானா? பிடித்திருக்கத்தான் வேண்டுமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை மதினி.

நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போனோம். அவள் முந்தானையால் உதட்டை மூடிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் என் நாற்காலியை நிறுத்திக்கொண்டு, "வழுக்கி விழலன்னு சொல்லு தாயி, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறாள். கடலையே பார்த்ததில்லையாம். நாளைக்குத் தூத்துக்குடி புறப்படுகிறோம்.

மதினி, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் கையில் வலு இருக்கிற வரைக்கும் இந்த வண்டி ஓடும். அடிபட்டு ஓடி வந்து ஏறுகிற எவளையும், எவன் மறித்து நின்றாலும், பாதி வழியில் இறக்கிவிட மாட்டேன்.

உங்கள் ரத்தம் பட்ட கையால் எழுதுகிற
உங்கள் தங்கச்சி,
பிரேமா